கயிறு யார் கையில் இருந்தது

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை தூத்துக்குடிப் பட்டணத்தில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், நான் முதல்முறையாக முகச்சவரம் செய்துகொண்டேன். துறைமுகத்தில் கப்பல் எதுவும் சங்கு ஊதவில்லை. கோயில் மணியும் சும்மாதான் கிடந்தது. அத்தை மட்டும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏலே, எதை வழிக்கே, சோப்பையா?" என்று கேட்டாள். பெரிய மனிதர்களுக்கு அவரவர் வீட்டில் மரியாதை கிடைக்காது என்பதை இதிலிருந்து நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மகனே, நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யாரென்று எனக்குத் தெரியாது, பாவம், அவளுக்கும் தெரியாது. நான் இப்போதுதான் பி.யு.சி. படிக்கிறேன். இருந்தாலும் மீசை வழித்தவன் பாதித் தகப்பன். எங்கள் தெருத் தகப்பன்மார்கள் எல்லாரும் மகன் வளர்ந்து, தோளுக்கு மேலே போய், காது கேளாதவன் மாதிரி நடிக்கத் தொடங்கிய பிறகுதான் புத்தி சொல்ல உட்காருகிறார்கள். நான் முந்திக்கொள்கிறேன். இதை நீ படிக்கும்போது உனக்கு என்னைவிட வயது கூடியிருக்கும், அதனால் என்னை 'ஏலே' என்று கூப்பிடத் தோன்றலாம். கூப்பிடாதே. கவரை ஒட்டாமல்தான் வைக்கப் போகிறேன், ஊரில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். நான் ஆத்திரத்தில் இருக்கிறேன் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

ஆத்திரம் எதனால் என்று கேள். இந்த வருஷம் கோயில் திருவிழாவுக்கு ஒரு மலர் போட்டார்கள். வழவழப்பான அட்டை, உள்ளே பாதி விளம்பரம், மீதியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் முன்பு சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார் எழுதிய நீளமான கட்டுரை. முத்துக்குளிப்பைப் பற்றியது. சலாபம் என்று ஒன்று இந்தக் கடலில் நடந்ததை நீ கேள்விப்பட்டிருப்பாய். அரசாங்கம் நாள் குறிக்கும், ஊரே படகேறிப் போய் முங்கிச் சிப்பி எடுத்து வரும். கடைசிச் சலாபம் நடந்தபோது நான் தொட்டிலில் கிடந்தேன். அந்தச் சலாபத்தைப் பற்றி வாத்தியார் இப்படி எழுதியிருந்தார்: ஆடி மாதத்து நண்பகலில், கயிறு பிடித்தவர் கண்ணயர்ந்து கயிற்றைக் கைவிட்டதால், முக்குளித்தவர் ஒருவர் மாண்டார். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. அந்தச் சலாபத்தில் மாண்டவர் ஒருவர்தான், அவர் என் மாமா, அத்தையின் புருஷன். கயிறு பிடித்தவர் என் அப்பா, உனக்குத் தாத்தாவாகப் போகிறவர்.

இங்கே உனக்கு ஒரு முறையைச் சொல்ல வேண்டும். முங்குகிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் படகில் நின்று பிடிப்பவன் யாராவது ஒருவனாக இருக்க முடியாது. மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பான். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எந்த மச்சானும் சம்மதிக்க மாட்டான் என்ற கணக்கில் ஊர் வைத்த ஏற்பாடு அது. கயிறு பிடிப்பவனுக்கு வேறு வேலை கிடையாது. பிடித்துக்கொண்டே இருப்பான், கீழேயிருந்து கயிற்றில் ஒரு சுண்டு, வெடுக்கென்று ஓர் இழுப்பு, வந்தால் மேலே இழுப்பான். ஆகவே கயிறு பிடித்தவன் தூங்கினான் என்று எழுதுவது, தங்கச்சியின் தாலியைத் தூக்கத்தில் அறுத்தான் என்று எழுதுவதுதான். அந்தத் தங்கச்சி அன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், எனக்குத் தலை சீவி, சோறு போட்டு, சோப்பைப் பற்றிக் கேள்வியும் கேட்டுக்கொண்டு.

மலர் வந்த மறுவாரம், தோணித்துறையில் அப்பா வேலை செய்துகொண்டிருந்தபோது, நான் சாப்பாட்டு வாளியோடு பக்கத்தில் நின்றேன். தோணியைக் கரையோடு இழுத்துக் கட்ட வேண்டும். அப்பா கயிற்றைப் பிடித்தார். அவரோடு வேலை செய்கிற ஒருவன் சிரித்துக்கொண்டே அதைக் கையிலிருந்து வாங்கி, "அண்ணாச்சி, நீங்க விடுங்க. நாங்க பிடிச்சுக்கிடுதோம். ஒங்களுக்கு அசந்து வந்தாலும் வரும்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அப்பா உள்ளங்கையை வேட்டியில் துடைத்துவிட்டுத் தள்ளி நின்றார். வாழ்நாள் முழுக்கக் கயிறு பிடித்துச் சோறு போட்ட மனுஷன், மகனே. அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கியது அந்தச் சிரித்தவன் இல்லை. வழவழப்பு அட்டை போட்ட ஒரு மலர்.

நேரே வாத்தியார் வீட்டுக்குப் போனேன். நல்ல மனுஷர்தான், என்னை முட்டிபோட வைத்ததைத் தவிர எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. "சார், இது எங்கேருந்து எடுத்திய?" என்றேன். அலமாரியைத் திறந்து ஒரு சிறு புத்தகத்தையும், அதற்கும் முன்னால் வந்த ஒரு பத்திரிகைத் துண்டையும் எடுத்துப் போட்டார். "எம் மலரோட சேத்து மூணு எடத்துல இருக்கு. மூணும் பொய்யா? நீ கெட்டிக்காரன், மத்தவன்லாம் மடையனா?" என்று கேட்டார். ஆதாரம் கேட்டால் சேதாரத்தைக் காட்டுகிறாரே என்று நினைத்துக்கொண்டு மூன்றையும் அங்கேயே உட்கார்ந்து படித்தேன். மூன்றிலும் அதே கண்ணயர்வு, அதே நண்பகல், அதே ஆடி மாதம். நீ இந்த ஊர்க்காரனாக வளர்ந்திருந்தால் இந்நேரம் சிரித்திருப்பாய். ஆடியில் இங்கே அடிக்கிற காற்றில் கரையில் நிற்கிறவனுக்கே வேட்டி நிற்காது. தண்ணீர் கலங்கிக் கிடக்கும், கையை விட்டால் கை தெரியாது. சலாபம் பங்குனி சித்திரையில், கடல் தூங்குகிற காலத்தில் நடப்பது. தூங்கியது கடல், இவர்கள் அப்பாவைத் தூங்க வைத்துவிட்டார்கள்.

மூன்று பேர் ஒரே சரியைச் சொன்னால் மூன்று பேருக்கும் அது தெரிந்திருக்கலாம். மூன்று பேர் ஒரே தப்பைச் சொன்னால் ஒருவன் எழுத மற்ற இருவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இது எனக்கு யாரும் சொல்லித் தந்து வந்த ஞானம் இல்லை. பரீட்சை மண்டபத்தில் பின் பெஞ்சிலிருந்து நானே கண்டுபிடித்தது. இரண்டு பேர் விடைத்தாளில் ஒரே தப்பு இருந்ததால்தான் நான் ஒருமுறை பிடிபட்டேன். இதை வாத்தியாரிடம் சொன்னேன். அவர் ஆடி மாதத்தை அச்சுப் பிழை என்றார். "மாசம் தப்பா இருக்கலாம்லே. சம்பவம் தப்பா இருக்காது. மூணு பேர் சொல்லுதான்" என்று பழைய இடத்துக்கே வந்து நின்றார்.

சொன்னால் விளங்காதவர்களுக்குச் செய்துதான் காட்ட வேண்டும். மறுநாள் காலை சந்தை முக்கில் டீக்கடைக்காரரிடம், ஒரே ஒரு ஆளிடம், வாத்தியார் வீட்டு எருமை கன்று போட்டிருப்பதாகவும், சீம்பால் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் சார் சும்மா கொடுப்பதாகவும் சொல்லிவிட்டு, வாத்தியார் வீட்டு வாசலில் போய்ச் சரித்திரப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன். வாத்தியார் வீட்டில் எருமை இல்லை. ஒரு பூனை உண்டு, அதுவும் பக்கத்து வீட்டுடையது. சற்று நேரத்தில் தையல்கடை அண்ணாச்சி சொம்போடு வந்தார். அவர் போனதும் கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளையின் மனைவி தூக்குவாளியோடு வந்தாள். பிறகு வந்த தபால்காரர் பாத்திரம் கொண்டு வரவில்லை, இரட்டைக் கன்றாமே, பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்ததாகச் சொன்னார். வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "எவம்லே சொன்னான்?" என்று கத்தினார். நான் எழுந்து நின்று, "சார், மூணு பேர் சொல்லுதாவ. மூணு பேரும் மடையனா? எருமையத் தேடிப் பாருங்க, இங்கனதான் எங்கயாவது இருக்கும்" என்றேன்.

அடிக்கத்தான் கையை ஓங்கினார். பாதியில் கை நின்றது. உள்ளே போய் உட்கார்ந்து வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "சரிலே. எருமை இல்லைன்னு காட்டிட்ட. அதனால ஒங்கப்பன் தூங்கலைன்னு ஆயிராது. கண்டவன் எவனாவது இருக்கானா, கூட்டியா" என்றார். கோபத்தில் சொன்னாலும் நியாயமாகச் சொன்னார், அதை நீ குறித்துக்கொள். ஒருவன் சொன்னது பொய் என்று காட்டினால், உன் கையில் இருப்பது நிஜம் என்று ஆகிவிடாது.

அப்பாவையே கேட்டிருக்கலாம், ஆனால் பழி சுமப்பவர் சொல்லை வாத்தியார் சான்றாக எடுக்க மாட்டார். அதனால் முதலில் அப்பாவின் கையைத்தான் சான்றாக வைக்க நினைத்தேன். வலது உள்ளங்கையில் குறுக்கே ஒரு தழும்பு, கயிறு உராய்ந்து தோல் உரிந்தது. தூங்கியவன் கையைக் கயிறு அறுக்குமா? இதை அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மீன் அரிவதை நிறுத்தாமலே, "அது போன வருசம் தோணியில பட்டதுலே. நாந்தான மஞ்சப்பத்துப் போட்டேன்" என்றாள். தழும்பு பொய் சொல்லாது, வாஸ்தவம். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று அது நமக்குச் சொல்வதும் இல்லை.

அடுத்து பஸ் ஏறி ஆலந்தலைக்குப் போனேன். அந்தப் படகை ஓட்டிய தண்டல் அங்கேதான் மகள் வீட்டில் இருக்கிறார். அன்றைக்குப் படகில் இருந்தவர்களில் அப்பாவைத் தவிர உயிரோடிருப்பது அவர் மட்டும்தான். வெயிலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், நான் யாரென்று சொன்னதும் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஒங்கப்பன் விடல. எம் படகுல எவனும் ஒரு நாளும் கயித்த விட்டதில்ல" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் 'எம் படகுல' என்று அவர் அழுத்திய அழுத்தம் காதில் இடித்தது. அவர் அப்பாவுக்காக மட்டும் பேசவில்லை, தன் படகின் பெயருக்காகவும் பேசினார். காலையில் நடந்தது என்று ஆரம்பித்தவர், கொஞ்சம் கழித்து உச்சி வெயிலில் நடந்தது என்றார். கண்டவன்தான், ஆனால் கண்டவனுக்கும் வயதாகும், கண்டவனுக்கும் காப்பாற்ற ஏதாவது இருக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வந்த கோபம் யார் மேல் என்றே விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் கேட்டேன். நேரடியாக, பட்டென்று. "அத்தை, அன்னைக்கு நீங்க என்ன பாத்திய?" அவள் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். "இத்தன வருசத்துல நீதாம்லே மொதல்ல கேக்க" என்றாள். எண்ணிப் பார், மகனே. பத்திரிகைக்காரன் கேட்கவில்லை. புத்தகம் போட்டவன் கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற வாத்தியார், தினமும் கோயிலுக்குப் போகும்போது எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறவர், கேட்கவில்லை. செத்தவனுடைய பெண்டாட்டி உயிரோடு, புத்தி தெளிவோடு, மீன் அரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவர்கள் ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதிக்கொண்டே போயிருக்கிறார்கள். நானும்தான். ஆலந்தலைக்கு பஸ் ஏறுகிறவனுக்கு அடுப்படி தூரமாக இருந்திருக்கிறது.

அவள் சொன்னது கொஞ்சம்தான். "நா கரையில நின்னேன். படகு வந்துச்சு. அவிய படுத்துக் கெடந்தாவ. ஒங்கப்பா நின்னுக்கிட்டு இருந்தாரு. கயிறு கையில இருந்துச்சு. கரைக்கு வந்த பொறவும் விடல. விடுண்ணே, விடுண்ணேன்னு எல்லாரும் சொல்லுதாவ, அண்ணனுக்குக் கேக்கல. விரல் விரலா நாந்தான் பிரிச்சு எடுத்தேன்." படகில் நடந்ததை அவள் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொல்லவும் இல்லை. கரையில் கண்டதைக் கரையோடு நிறுத்திக்கொண்டாள். அப்பாவைப் பழி சொல்ல உலகத்தில் ஒருத்திக்கு உரிமை உண்டென்றால் அது அவளுக்குத்தான். அவளே இதைச் சொல்கிறாள் என்றால், அந்தச் சொல்லுக்கு வழவழப்பு அட்டை தேவையில்லை.

வாத்தியாரைக் கூட்டி வந்தேன். அத்தை அவரிடமும் அதே சொற்களைச் சொன்னாள், ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அவர் முற்றத்தில் நின்றபடியே கேட்டார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கடைசியில், "தப்பு எம்பேருலதான்மா" என்றார். என் பக்கம் திரும்பி, "நாலு வரி திருத்தம் எழுதிக் கொண்டாலே. அச்சடிச்சு, விக்காத மலர் எல்லாத்துலயும் ஒட்டிருவோம். வாங்கினவனுக்கும் துண்டு குடுத்திருவோம்" என்றார். இதற்குப் பிறகு நான் கடைத்தெருவில் எப்படி நடந்திருப்பேன் என்று நீ யோசித்துப் பார். மைதா பசை காய்ச்சி, அத்தனை துண்டையும் என் கையாலேயே ஒட்டினேன். எவனும் வரலாற்றைப் படித்துப் பாஸ் பண்ணுவான், நான் அதையே திருத்தி மார்க் போட்டவன் என்று டீக்கடையில் அறிவித்தேன். வாத்தியார் எழுதியது வரலாறு, நான் செய்தது தகராறு, இரண்டும் சேர்ந்தால்தான் உண்மை என்றெல்லாம் பேசினேன். எருமைக் கதையை ஏழெட்டு விதமாகச் சொன்னேன். இரண்டு நாள் இந்தப் பட்டணத்தில் என்னைவிடப் பெரிய சரித்திர ஆசிரியன் கிடையாது.

இனி வருவதைப் படிக்கும்போது கொஞ்சம் மெதுவாகப் படி. எனக்கும் எழுத மெதுவாகத்தான் வருகிறது.

வாத்தியார் நாலு வரி கேட்டார் அல்லவா. என்னிடம் மூன்று வரிதான் இருந்தது. சலாபம் நடந்தது சித்திரையில். கயிறு பிடித்தவர் தூங்கவில்லை. கரை வந்தும் கயிற்றை விடவில்லை. அவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் அப்பா சும்மா படகில் நின்றுகொண்டே இருந்தார். மாமா கீழே சாகிறார், இவர் மேலே நிற்கிறார். பார்க்க நன்றாகவே இல்லை. அந்தச் சிரித்தவன் வாயை அடைக்க இது போதாது என்று தோன்றியது. அதனால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஒரு வரி போட்டேன்: மைத்துனரைக் காக்கத் தம் உயிரையும் பொருட்படுத்தாது கடலில் குதித்தார். என்ன கம்பீரம் பார். வாத்தியார் வெட்கத்தில் இருந்தார், ஒரு கேள்வி கேட்காமல் அச்சுக்கு அனுப்பினார்.

நேற்று சாயங்காலம் அப்பா துறையிலிருந்து வந்து, மடியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் படித்துவிடுவார். கோபப்படவில்லை. "வாத்தியாரு நா தூங்கிக் கயித்த விட்டேன்னு எழுதினாரு. நீ குதிச்சு விட்டேன்னு எழுதிட்ட. குதிச்சவன் கையில கயிறு எப்பிடிலே இருக்கும்?" என்றார்.

நான் துண்டை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தேன்.

"கூட இருக்கவன் குதிக்கலாம். பிடிச்சவன் குதிக்கப்பிடாது. சுண்டு வரல, வரலைன்னு நின்னேன். பொறவு நானா இழுத்தேன். வந்தாரு. மூச்சுதான் வரல." தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்குக் குதிக்கணும்னு எனக்குத் தோணாம இருந்திருக்கும்னா நெனைக்க? குதிக்காம நின்னதுதாம்லே கஷ்டம். அத எடுத்துட்டியே."

இன்றைக்குத் துறையில் அந்தச் சிரித்தவன், "குதிச்சியளாமே அண்ணாச்சி, அப்ப கயித்த யாருட்ட குடுத்திய?" என்று கேட்பான். கட்டாயம் கேட்பான், நானாக இருந்தாலும் கேட்பேன். அச்சில் ஏறியதை நான் எப்படி இறக்குவது? உனக்கு நாற்பது வயதாகும்போது யாராவது ஒருவர் இந்தத் துண்டை எடுத்து வைத்து, குடும்பத்தாரே எழுதியது, முதல்தரச் சான்று என்று கட்டுரை எழுதுவார். அவரை நம்பாதே. அவர் காட்டுகிற துண்டையும் நம்பாதே. எழுதியவன் அப்போது தொட்டிலில் கிடந்தான், மனதில் அப்பாவை வீரனாக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது, தவிர ஒரு வரி காலியாக இருந்தது.

துறைக்குப் போய், எல்லார் முன்னாலும், அந்த வரி என் சொந்தச் சரக்கு என்று நான் சொல்ல வேண்டும். அப்பா சொல்லச் சொல்லவில்லை. அத்தைதான் சொன்னாள். போகும்போது ஆண்பிள்ளையாகப் போக வேண்டும் என்றுதான் காலையில் கிணற்றடிக்குப் போனேன். கிணற்றடியிலிருந்து வந்து, துறைக்குப் போகாமல் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருப்பதன் காரணம் உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். "ஏலே, எழுதிக் கிழிச்சது போதும், தோணி போயிரும், போ" என்று அத்தை இரண்டு தடவை சத்தம் கொடுத்துவிட்டாள். போகிறேன்.

ஒன்று மட்டும். முதல் பத்தியில் சொன்ன சவரத்தைப் பற்றி. அப்பா பிளேடைக் கழற்றி எங்கேயோ வைத்திருந்தார். வழித்தது சோப்பைத்தான். சந்தேகம் இருந்தால் அத்தையைக் கேள், அவள் பார்த்தாள்.